ராலே லென்டன், 1952: ஒரு ஓவராயிலின் கதை

முதலில் நான் கெடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். சரிசெய்ததெல்லாம் அப்புறம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு ராலே லென்டன் ஸ்போர்ட்ஸ் சைக்கிளின் சீட் குழாயில் இருந்த டிரான்ஸ்பரில் பாதியை என் கையாலேயே அழித்துவிட்டேன். டிரான்ஸ்பர் என்பது இன்றைய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் மாதிரி இல்லை, தாளில் அச்சிட்ட மிக மெல்லிய படலத்தை மட்டும் குழாயின் மேல் மாற்றி ஒட்டுவார்கள், விரல் வைத்துத் தடவினால்கூட விளிம்பு தட்டுப்படாது. எழுபது வருஷ இங்கிலாந்து ஈரத்தைத் தாங்கி நின்ற அந்தப் படலம், கார் பாலிஷ் தொட்ட துணியால் நான் பத்து விநாடி தேய்த்ததும் துணியோடு வந்துவிட்டது. துணியைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பும் தங்க நிறமும் கலந்து ஒரு கறை. அது ரெஜ் ஹாரிஸின் பெயர்.

ஹாரிஸைத் தெரியாதவர்களுக்கு: 1949, 1950, 1951, அப்புறம் 1954 என்று நாலு முறை தொழில்முறை ஸ்பிரின்ட் பந்தயத்தில் உலகச் சாம்பியன். அவர் ஓட்டியது ராலே, அந்தக் கால விளம்பரங்களில் அவர் முகம் இல்லாத ராலே விளம்பரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து 1974-ல், 54 வயதில், பிரிட்டிஷ் ஸ்பிரின்ட் பட்டத்தை மறுபடி வென்றார். மான்செஸ்டர் வெலோட்ரோமில், அதாவது அங்குள்ள சைக்கிள் பந்தய அரங்கில், அவருக்குச் சிலை இருக்கிறது. அப்படிப்பட்டவருடைய பெயரைத்தான் நான் துடைத்து எடுத்தேன். அன்று மாலை வரைக்கும் கருவி எதையும் தொட மனசு வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் இந்த சைக்கிளுக்கு நான் செய்த ஒவ்வொரு வேலையையும் அந்தப் பத்து விநாடிதான் தீர்மானித்தது என்பதால் இதை முன்னால் வைக்கிறேன்.

சைக்கிள் கிடைத்தது நாட்டிங்ஹாமுக்கு வெளியே ஒரு கார் பூட் சந்தையில். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆட்கள் வயல்வெளியில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். துருப்பிடித்த புல்வெட்டி ஒன்றின் மேல் சாய்ந்து கிடந்தது, 45 பவுண்டு சொன்னார், பேரம் பேசாமல் கொடுத்தேன். அழுக்குப் பச்சை. டயர் இரண்டும் வெடித்துத் தொங்கின. சங்கிலி ஒரே கம்பியாக இறுகியிருந்தது. ஆனால் ஹெட் குழாயில் கொக்குத் தலை பொறித்த பித்தளை வில்லை அப்படியே இருந்தது (அது நாரை என்றும் சொல்வார்கள், ராலேயை வளர்த்த ஃபிராங்க் பவுடனின் குடும்பச் சின்னத்திலிருந்து வந்த பறவை), சீட் குழாயில் ரெனால்ட்ஸ் 531 என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அந்த 531-ஐப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

531 என்பது பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகுக் குழாய். இங்கிலாந்தில் நல்ல சைக்கிள் என்றால் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு அதுதான் அளவுகோல். சாதாரணமாக வெல்டிங் வைத்தால் அதிகச் சூட்டில் இந்த எஃகு தன் பலத்தை இழந்துவிடும், அதனால் மூட்டுகளில் லக் என்கிற உறையைச் செருகி, அதற்குள் பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பற்றவைப்பார்கள். பழைய பிரிட்டிஷ் சைக்கிளின் அழகு பாதி அந்த லக்குகளின் விளிம்பில் இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், நான் முதலில் போட்டிருந்த திட்டம்: ஃபிரேமை மொத்தமாக மணல் அடித்து உரித்து, பவுடர் கோட்டிங் கொடுத்துப் பளபளவென்று ஆக்குவது. அதற்கு விலைகூடக் கேட்டுவிட்டேன். டிரான்ஸ்பர் சம்பவம் நடக்காமல் இருந்தால் கொடுத்திருப்பேன். கொடுத்திருந்தால் தடித்த பவுடர் பூச்சு லக் விளிம்புகளையெல்லாம் மூடி, மெழுகு ஊற்றியது போல மொழுக்கென்று ஆக்கியிருக்கும், மணல் ஏற்கெனவே மெல்லிய குழாயை இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும், ஹாரிஸின் மீதிப் பாதியும் தூசியோடு போயிருக்கும். அழிந்த பாதி எப்படியும் திரும்பாது என்று கண்ணால் பார்த்தபிறகு, இருக்கிற பெயிண்ட்டை உரிப்பது எனக்குக் கொள்ளையடிப்பது மாதிரி தோன்றியது. பெயிண்ட்டை ஒருமுறைதான் அசலாக அடிக்க முடியும். துருப்பிடித்த பாகத்தைச் சுத்தம் செய்யலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம், 1952-ல் அடித்த பெயிண்ட்டை மட்டும் யாராலும் மறுபடி அடிக்க முடியாது.

அதனால் பெயிண்ட் வேலை இவ்வளவுதான்: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி பாத்திர சோப்பு, மெல்லிய துணி. டிரான்ஸ்பர் இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், உலர்ந்த பிரஷ் மட்டும். பாலிஷ்களில் பெரும்பாலானவற்றில் நுண்ணிய அரம் மாதிரி துகள் இருக்கிறது, வேறு சிலவற்றில் கரைப்பான், டிரான்ஸ்பருக்கு இரண்டுமே எதிரி. கடைசியில் ரெனைசான்ஸ் மெழுகு ஒரு பூச்சு, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்க உருவாக்கியது அது, பட்டாணி அளவு எடுத்தால் ஃபிரேம் முழுக்கப் பூசலாம். பெயிண்ட் உதிர்ந்து துரு தெரிந்த இடங்களில் மட்டும் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, அப்புறம் நன்றாகக் கழுவி, சமையல் சோடாத் தண்ணீரால் துடைத்தேன். கையுறை இல்லாமல் அந்த அமிலத்தைத் தொடாதீர்கள், பொடியை மூச்சில் இழுக்காதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கிற விஷம் அது. குரோம் பாகங்களுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தாலே போதும், நம்பவே முடியாத அளவுக்குத் துரு கிளம்பும். உப்புத்தாளைக் குரோமின் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

சரி, கழற்றுவதற்கு வருவோம்.

முதல் நட்டிலேயே மாட்டிக்கொண்டேன். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் உள்ளே போகவில்லை, 14 போட்டால் சுற்றி முனையை மழுக்குகிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சைக்கிளில் பல நட்டுகள் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் இஞ்ச் அளவு. இதில் குழப்பம் என்னவென்றால், விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருப்பது நட்டின் அகலம் இல்லை, அந்த நட்டு ஏறும் போல்ட்டின் விட்டம். கால் இஞ்ச் என்று எழுதிய ஸ்பானரின் வாய் 13.3 மில்லிமீட்டர், 3/16 என்றால் 11.3. அப்புறம் அதே மாதிரி ஒரு சந்தையில் பழைய விட்வொர்த் ஸ்பானர் மூன்று 6 பவுண்டுக்கு வாங்கினேன். நட்டில் அது போய் உட்கார்ந்த விதமே தனி. பழைய பிரிட்டிஷ் சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு பெட்ரோல் போட்டும் சுடவைத்தும் நட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள், முதலில் ஸ்பானரைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து காட்டர் பின். கிராங்க்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் அந்த ஆப்பு, ராலேயில் 9.5 மில்லிமீட்டர் தடிமன், அதாவது 3/8 இஞ்ச். எழுபது வருஷமாக அசையாத பின்னைச் சுத்தியலால் அடித்தால் முனை காளான் மாதிரி விரியும், பின் வளையும், அதற்கப்புறம் துளைபோட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கடையில் ஓடிய சைக்கிள்களில் சில சென்-ராலே, அசன்சோலில் செய்தது. அவர் முதலில் பின்னைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, முன் வீல்ல 32 கம்பி, பின் வீல்ல 40 இருக்கா எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். 32, 40.

"அப்ப நம்ம சாதிதான். அடிக்காத. கிராங்குக்குக் கீழ இரும்புக் குழாய் ஒண்ணு தரையிலருந்து முட்டுக் கொடு, அடி வாங்குறது தரையா இருக்கணும், பால்ரஸ்ஸா இருக்கக் கூடாது."

முன்னால் 32 ஸ்போக், பின்னால் 40 என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம், பாரம் அதிகம் விழும் பின் சக்கரத்துக்குக் கம்பியும் அதிகம். அந்த எண்ணிக்கை கடல் தாண்டி நம் ஊர் சைக்கிள்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. சித்தப்பா சொன்ன காரணம் ரொம்பச் சரி: முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் அச்சு சுழலும் இடம்) கப்பில் இருக்கும் குண்டுகள் வழியாகப் போய், குண்டு ஓடும் தடத்தில் குழி விழும். நான் அவர் சொன்ன தத்துவத்தை எடுத்துக்கொண்டு சுத்தியலையே விட்டுவிட்டேன். ஒரு ஜி-கிளாம்ப், பின்னின் பின்பக்கம் வெளியே வர இடம்விட்டு ஒரு சாக்கெட், இரண்டு நாள் ஊறவைத்த ஊடுருவும் எண்ணெய். கிளாம்ப்பைத் தாங்கும் வரை இறுக்கி, ஒரு மணிநேரம் அப்படியே விட்டு, மறுபடி கால் சுற்று. மூன்றாவது தடவை துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் பின் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். உடையவில்லை, அசைந்திருந்தது.

திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். வலது கிராங்க் முன்பக்கம் நீட்டியிருக்கும்போது நட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இடது கிராங்க்கை அதே நிலைக்குச் சுற்றிக் கொண்டுவந்தால் அதன் நட்டும் அதே பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் வராது, மிதிக்கும்போது ஒரு கால் நொண்டுகிற மாதிரி இருக்கும்.

பி.பி.யில் இன்னொரு விஷயம். மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களில் கப்புகளின் மரை இஞ்சுக்கு 24, நாட்டிங்ஹாம் ராலேயில் 26. அதாவது கடையில் கிடைக்கும் சாதாரண கப்பு இதில் ஏறாது, பலவந்தமாக ஏற்றினால் ஃபிரேமின் மரை நாசமாகும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் ஹெட்செட்டும் அப்படித்தான். பெரும்பாலான பாகங்களைத் தானே செய்துகொண்ட கம்பெனி, அதனால் தன் மரையைத் தானே வைத்துக்கொண்டது. ஆகவே இந்த சைக்கிளில் பழைய கப்பு என்பது பொக்கிஷம். வலதுபக்க கப்பை நான் கழற்றவே இல்லை (அது இடது மரை, அதையும் மறக்க வேண்டாம்), அதை இருந்த இடத்திலேயே மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், தடம் கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கத்துக்கு 11 கால் இஞ்ச் குண்டு, எல்லாம் புதுசு, தாராளமாக கிரீஸ். குண்டு விலை அற்பம். பழைய குண்டைக் கழுவிப் போடுவது வீண் சிக்கனம், கப்பையும், அச்சில் குண்டு உருளும் கோனையும் காப்பாற்ற வேண்டுமென்றால் குண்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

டயர் விஷயத்தில் என் நேரமும் 38 பவுண்டும் போயின. ரிம் 26 இஞ்ச் என்று எனக்குத் தெரியும், 26 இஞ்ச் டயர் வாங்கினேன், ஏறவில்லை. ஒரு மாலை முழுக்கப் போராடி கட்டைவிரல் நகம் பிளந்ததுதான் மிச்சம். விஷயம் என்னவென்றால் 26 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பொருந்தாத பல அளவுகள் ஒளிந்திருக்கின்றன. 26 x 1⅜ என்று நம்மில் பலர் பழகிய சைக்கிளுக்கு ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர். லென்டன் மாதிரி வேக சைக்கிள்களுக்குப் போட்ட 26 x 1¼-க்கு அது 597. மலைப்பாதை சைக்கிளின் 26-க்கு 559. 590-க்கும் 597-க்கும் வித்தியாசம் 7 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் டயர் விளிம்பில் ஓடுவது எஃகுக் கம்பி, அது ஒரு மில்லிமீட்டர்கூட இழுபடாது. இஞ்ச் கணக்கை அடியோடு மறந்துவிட்டு, டயரின் பக்கச்சுவரில் சின்னதாக அச்சடித்திருக்கும் 37-590, 32-597 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டாவதாக வருவதுதான் உண்மை. 597 டயரை இப்போது செய்கிறவர்கள் குறைவு. அமெரிக்காவில் பழைய ஷ்வின் சைக்கிள்களின் எஸ்-6 ரிம்மும் இதே 597 என்று தெரிந்ததும் வழி கிடைத்தது, அந்த டயர் கச்சிதமாக உட்கார்ந்தது.

700சி (இப்போதைய ரோடு சைக்கிள்களின் பொது அளவு) சக்கரம் மாற்றிவிடு, டயர் கவலை இருக்காது என்று நண்பர்கள் சொன்னார்கள். கடையில் கிடைக்கும் புது ரிம்முக்குப் பெரும்பாலும் 32 அல்லது 36 ஓட்டைதான், என் பின் ஹப்பில், அதாவது ஸ்போக்குகள் வந்து சேரும் சக்கரத்தின் நடுப் பாகத்தில், 40. ஹப்பையும் மாற்ற வேண்டும். ஹப்பை மாற்றினால் இந்த சைக்கிளில் எனக்கு மிகப் பிடித்த பாகமே போய்விடும்.

அந்த ஹப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ., மூன்று கியர். நாட்டிங்ஹாமிலேயே, ராலேயின் குடும்பத்திலேயே பிறந்தது. ஹப்பின் வெளி ஓட்டின் மேல் 52 என்றும் பக்கத்தில் 4 என்றும் பொறித்திருக்கிறது, 1952 ஏப்ரல். ராலேயின் ஃபிரேம் எண்ணை வைத்து வருஷம் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி, ஆனால் ஹப் தன் பிறந்த மாதத்தையே முதுகில் எழுதி வைத்திருக்கும். சக்கரம் பின்னால் மாறியிருந்தால் இந்தக் கணக்கு தப்பும், இதில் ரிம், ஸ்போக், ஹப் மூன்றும் ஒரே மாதிரி வயதாகியிருந்ததால் நான் நம்பினேன்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: நடுவில் அச்சோடு அசையாமல் நிற்கும் 20 பல் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் நாலு 20 பல் குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றையும் சுற்றி உள்பக்கம் 60 பல் உள்ள வளையம். வளையம் மூலமாக மிதித்துக் குட்டிகளின் கூட்டிலிருந்து வேகத்தை எடுத்தால் 60-ஐ 80-ஆல் வகுத்த கணக்கு, முக்கால் வேகம், அது மேட்டுக்கான முதல் கியர். கூட்டை மிதித்து வளையத்திலிருந்து எடுத்தால் 80-க்கு 60, மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அது மூன்றாவது. இரண்டாவதில் எதுவும் கூடாது குறையாது, நேரடி. ஒரு சின்னச் சங்கிலி அச்சுக்குள்ளிருந்து ஒரு கிளட்ச்சை அப்படியும் இப்படியும் இழுப்பதில் இந்த மூன்றும் நடந்துவிடுகிறது. காகிதத்தில் ஒரு தடவை வரைந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இதை ஒரு கைப்பிடி எஃகுக்குள் வைத்தவர்களின் மூளையை நினைத்து.

திறக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வலதுபக்கம் ஓட்டை மூடும் வளையத்துக்கு இரட்டைத் தொடக்க மரை, அது இரண்டு இடத்தில் பிடிக்கும். கழற்றும் முன் ஓட்டிலும் வளையத்திலும் ஒரே கோட்டில் அடையாளம் கீறாவிட்டால், திரும்பப் பூட்டும்போது தவறான தொடக்கத்தில் ஏறி, சரியாக இருந்த சக்கரம் கோணலாகத் தெரியும், ஏன் என்று தெரியாமல் மணிக்கணக்கில் பெண்டு எடுத்துக்கொண்டிருக்க வேண்டிவரும். நான் அடையாளம் போட்டேன். உள்ளே பார்த்தால் பழைய எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகி எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருந்தது. துரு இல்லை. எந்தப் பல்லிலும் சொல்லிக்கொள்ளும்படியான தேய்மானம் இல்லை. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் பாகங்கள் கையில் மினுங்கின. நாக்கு போன்ற பற்றுத் துண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் முடி மாதிரி ஸ்பிரிங்குகளை மட்டும் மாற்றினேன். குண்டு ஓடும் இடத்துக்கு கிரீஸ், உள்ளே பல்சக்கரங்களுக்கு எண்ணெய், ஓட்டிலேயே எண்ணெய் விட மூடிபோட்ட துளை இருக்கிறது. கிரீஸை உள்ளே அடைத்தால் அந்த நாக்குகள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது.

கேபிள் சரிசெய்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இந்த ஹப்பில் கியரே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கிறது, கேபிள் தளர்ந்தோ இறுகியோ கிளட்ச் அங்கே போய் நின்றால் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று காற்றாகிவிடும். ட்ரிக்கரை (ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் விசை) இரண்டாவதில் வைத்து, வலதுபக்க நட்டில் இருக்கும் துளை வழியாகப் பார்த்தால், சங்கிலியோடு வரும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். அந்தத் துளை இருப்பதே அதற்குத்தான்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. புரூக்ஸ் தோல் சீட் காய்ந்து பலகை மாதிரி இருந்தது, ஆனால் ரிவெட்டுகளைச் சுற்றிக் கிழியவில்லை. அடியிலும் மேலேயும் மெல்லிசாக அதற்கென்றே விற்கும் புரூஃபைட் மெழுகு, வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று வாரம். எண்ணெயில் ஊறவைக்கச் சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள், தோல் தொட்டிலாகத் தொங்கிவிடும். பிரேக் கேபிளும் கட்டையும் புதுசு. எஃகு ரிம்மின் குரோம் மழையில் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும், எவ்வளவு நல்ல கட்டை போட்டாலும் நனைந்தால் நிற்கும் தூரம் பயமுறுத்தும், அதனால் கூல் ஸ்டாப்பின் சிவப்புக் கட்டை போட்டிருக்கிறேன், அதோடு மழை நாளில் இதை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். ஹேண்டில்பாருக்குப் பருத்தி நாடா. மட்கார்டில் ஒன்று முழுக்க அரித்திருந்தது, இரண்டையுமே எடுத்து வைத்துவிட்டேன்.

ஹாரிஸின் டிரான்ஸ்பர் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். ஒன்று வாங்கி, பிரிக்காமல் மேஜையில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். ஒட்டவில்லை. ஒட்டினால் இருக்கிற பாதியை மறைத்துத்தான் ஒட்ட வேண்டும். இப்போது அங்கே பெயரின் கடைசி மூன்று எழுத்தும் கீழே கொஞ்சம் கோடும் இருக்கின்றன, மெழுகுக்கு அடியில் பத்திரமாக. பார்க்கிறவர்கள் கேட்டால் மீதி என்ன எழுத்து என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூனில் ஒரு காலை முதல்முறை வெளியே எடுத்தேன். எங்கே போவது என்பதில் யோசனையே இல்லை. லென்டன் என்பது நாட்டிங்ஹாமில் ராலே தொழிற்சாலை இருந்த பகுதி, சைக்கிளின் பெயரே அதுதான். 1950-களின் தொடக்கத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் அங்கிருந்து வெளியே போனது. 2002-ல் உற்பத்தி நின்றது, அந்த நிலத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம். டிரையம்ஃப் ரோட்டில் மாணவர்களுக்கு நடுவே இரண்டாவது கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன், ஹப் டிக் டிக்கென்று சுவர்க் கடிகாரம் மாதிரி ஒலித்துக்கொண்டே வந்தது. ஏரிக்கரையில் நிறுத்தி ஒரு படம் எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "பெடல் நேரா இருக்கா" என்று மட்டும் பதில் வந்தது. நேராக இருந்தது.

திரும்பும்போது வேண்டுமென்றே டெர்பி ரோட்டு மேட்டில் ஏறினேன். பாதியில் ட்ரிக்கரைத் தட்டி முதல் கியருக்கு வந்ததும் ஹப்பின் சத்தம் நின்றுவிட்டது, ஏ.டபிள்யூ. முதல் கியரில் டிக்கென்று சொல்லாது. சங்கிலியும் என் மூச்சும் மட்டும். மேலே ஏறி முடித்து மறுபடி இரண்டாவதுக்குத் தள்ளியதும், விட்ட இடத்திலிருந்து டிக் டிக் தொடர்ந்தது.